இரு தீவுகளின் ஆடற்பாட்டு

பழங்கடாரத்தின் துறை மெர்போக் ஆற்றை ஒட்டி அமைந்திருந்தது என்பதைப் பூஜாங் பள்ளத்தாக்கின் அகழ்வாய்வுகள் காட்டுகின்றன. மணிகளும் மட்கலங்களும் கோயில் அடித்தளங்களும் பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்து நம் பார்வைக்கு வந்துவிட்டன. அத்துறைக்கு வந்த மாலுமிகளும் சுமையாட்களும் பாடிய பாட்டு மட்டும் வரவில்லை. பாட்டு மண்ணில் புதைவதில்லை. பாடுவோர் வாய் ஓய்ந்ததும் காற்றோடு போய்விடுகிறது.

சென்ற நூற்றாண்டில் இசைத்தட்டும் வானொலியும் பரவியபின் இந்நிலை மாறிற்று. உழைக்கும் மக்கள் தம் மகிழ்ச்சிக்காகப் பாடி ஆடிய பாட்டும் வரலாற்றில் இடம்பெற வழி பிறந்தது. எனினும் அவ்வழி எல்லாருக்கும் ஒரே அகலத்தில் திறக்கவில்லை. இதனை விளங்கிக்கொள்ள இரண்டு தீவுகளை அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று. ஒன்று, மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமைக்கா. மற்றொன்று, நமக்கு நன்கு அறிமுகமான இலங்கை. ஜமைக்காவில் தோன்றிய ‘ஸ்கா’, ‘ராக்ஸ்டெடி’ என்னும் இசை வகைகள் உலகெங்கும் பரவின. ஏறத்தாழ அதே காலத்தில் இலங்கைத் தமிழ் இளைஞர்களிடையே எழுந்த ‘பொப்பிசை’ ஒரு தலைமுறையின் நினைவாகச் சுருங்கிற்று. இவ்வேறுபாட்டுக்குப் பாடியோரின் திறமைக் குறைவைக் காரணமாகக் கூற இயலாது.

ஜமைக்கா நம் கெடா மாநிலத்தைவிடச் சிறிதளவே பெரியது. 1655இல் ஸ்பானியரிடமிருந்து ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். 1838இல் அடிமைமுறை முற்றாக நீங்கியதும் தோட்ட முதலாளிகளின் கண் இந்தியாவை நோக்கித் திரும்பிற்று. 1845ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் ‘பிளண்டல்’ என்னும் கப்பல் முதல் இந்தியத் தொழிலாளர்களை அங்கே இறக்கியது. அதுமுதல் 1917 வரை 36,000க்கு மேற்பட்டோர் சென்றனர். பெரும்பாலோர் கங்கைச் சமவெளியினர். சென்னை வழியே சென்ற தென்னாட்டாரும் சிலர் இருந்தனர். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழரைக் கொண்டுவந்த அதே ஒப்பந்தமுறைதான் அவர்களையும் அங்கே கொண்டுசென்றது. கிங்ஸ்டன் நகரத்து ஏழைகள் கூடும் நடன இரவுகளில் ஆட்டுக்கறி சமைத்து விற்பது வழக்கம். அந்தக் கறியின் மசாலை இந்தியர் கொண்டுசென்ற மசாலையே.

அங்கு நாட்டுப்புறத்தில் வழங்கிய பாட்டுக்கு ‘மென்டோ’ என்று பெயர். கித்தாரும் பாஞ்சோவும் கைப்பறையும் கொண்டு பாடுவது அது. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் கிராமத்து மக்கள் பிழைப்புத் தேடிக் கிங்ஸ்டன் நகரில் வந்து குவிந்தனர். நகரத்துக் காதுகளுக்கு மென்டோ பழையதாகத் தோன்றிற்று. மையாமி, நியூ ஆர்லியன்ஸ் ஆகிய அமெரிக்க நகரங்களின் வானொலி இரவு வேளைகளில் கடல் கடந்து கேட்கும். அதில் ஒலித்த கறுப்பினத்தாரின் ‘ரிதம் அண்டு புளூஸ்’ இசையை அவர்கள் விரும்பினர். ஆனால், வானொலிப் பெட்டி வாங்கவும் இசைக்குழுவை அமர்த்தவும் ஏழைகளிடம் ஏது பணம்?

இங்கேதான் வரலாற்றின் முக்கியத் திருப்பம் நிகழ்ந்தது. சிறு வணிகர் சிலர் பெரிய மரப்பெட்டிகளில் ஒலிபெருக்கிகளைப் பொருத்தி, வெளிமுற்றங்களில் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, நுழைவுக் கட்டணம் பெற்று நடன இரவுகளை நடத்தினர். இவ்வமைப்பை அங்குள்ளோர் ‘சவுண்ட் சிஸ்டம்’ என்பர். நம் தோட்டத்துத் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவோரை நினைத்துக்கொண்டால் இவர்கள் தொழில் எளிதில் விளங்கும். டியூக் ரீட் என்பவர் முன்னாள் காவலர். மனைவியோடு மதுக்கடை நடத்தியவர். கிளமென்ட் டாட் மற்றொருவர். பிரின்ஸ் பஸ்டர் இவர்களுக்குப் பின் வந்து இவர்களோடு போட்டியிட்டவர். அமெரிக்காவிலிருந்து அரிய இசைத்தட்டுகளைத் தேடி வாங்கிவருவதில் இவர்களிடையே கடும் போட்டி நிலவிற்று. எதிராளி அறிந்துவிடாதிருக்கத் தட்டின்மேல் ஒட்டியிருந்த பெயர்த்தாளைச் சுரண்டி எறிந்துவிடுவார்கள்.

1950களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையின் சுவை ராக் அண்டு ரோல் பக்கம் திரும்பிற்று. ஜமைக்கா மக்கள் விரும்பிய வகைத் தட்டுகள் அரிதாயின. வெளியிலிருந்து வந்த ஊற்று வற்றியதும் உள்ளூரில் கிணறு தோண்ட வேண்டியதாயிற்று. நடன இரவு நடத்திய வணிகர்களே உள்ளூர்ப் பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் கொண்டு பதிவு செய்யத் தொடங்கினர். முதலில் ஒரே ஒரு மாதிரித் தட்டு வெட்டப்படும். அது நடன இரவில் சுழலும். கூட்டம் எழுந்து ஆடினால் தட்டு அச்சுக்குப் போகும்; ஆடாவிட்டால் மூலையில் கிடக்கும். ஆடுவோரின் கால்களே அங்கே தேர்வுக்குழுவாக இருந்தன எனலாம்.

தொடக்கத்தில் அவர்கள் அமெரிக்க இசையைப் பின்பற்றவே முயன்றனர். நாளடைவில் அழுத்தம் இடம்பெயர்ந்தது. கருநாடக இசை பயின்றோர்க்கு இதனை எளிதாகச் சொல்லலாம். நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தை விரைவாகத் தட்டிக்கொண்டே ஒவ்வோர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையிலுள்ள அரையிடத்தில் ‘உம்’ என்று கூறிப் பாருங்கள். அந்த ‘உம்’ விழும் இடத்தில்தான் கித்தாரும் பியானோவும் வெட்டென்று ஒலிக்கும். கீழே பெருநரம்பின் ஓசை நடைபோட்டுக்கொண்டே போகும். மேலே ஊதுகுழல்கள் பாடும். உடல் தட்டில் இறங்கி அரையிடத்தில் எழும்புகிறது. இதுவே ஸ்கா. அதன் பெயர்க்காரணம் பற்றிப் பலரும் பலவாறு கூறுவர். கித்தாரின் ஓசையே பெயராயிற்று என்பது அவற்றுள் ஒன்று.

ஆசிரியர்கள் சிறப்பாகக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. இவ்விசையின் தலைசிறந்த வாத்தியக்காரர் பலர் ஒரே பள்ளியில் பயின்றவர்கள். கிங்ஸ்டனிலுள்ள ஆல்பா ஆண்கள் பள்ளி 1880இல் தொடங்கிய ஓர் இல்லத்தின் வழிவந்தது. ஆதரவற்ற சிறுவர்களையும் அடங்காத சிறுவர்களையும் கத்தோலிக்கக் கன்னியர் அங்கே வளர்த்தனர். அச்சுத்தொழில், தையல், தோட்டவேலை ஆகியவற்றோடு வாத்திய இசையும் ஒரு கைத்தொழிலாகக் கற்பிக்கப்பட்டது. கலை என்ற பெரும்பெயர் அங்கே சூட்டப்படவில்லை. பிழைக்க ஒரு வழி என்றே சிறுவரின் கையில் குழலைக் கொடுத்தனர். மேரி இக்னேஷியஸ் என்னும் கன்னியர் 1939 முதல் 2003இல் இறக்கும்வரை அப்பள்ளியில் தொண்டாற்றினார். அவர் இசைத்தட்டுகளைச் சேர்த்துவைத்து மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுவார். குத்துச்சண்டையும் கிரிக்கெட்டும்கூடச் சொல்லிக்கொடுப்பார். துறவறத்தார் நடன இசையை வெறுப்பர் என்னும் பொதுக் கருத்துக்கு அவர் ஒரு விலக்கு. டாமி மெக்குக், டான் டிரம்மண்ட், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் ஆகிய நால்வரும் அப்பள்ளியின் மாணவர்கள். 1964இல் அமைந்த ‘ஸ்காட்டலைட்ஸ்’ குழுவின் ஊதுகுழல் வரிசை இவர்களாலேயே பெயர்பெற்றது. அக்குழு முதற்காலத்தில் ஓராண்டுக்குச் சற்று மேலாகவே நிலைத்தது. இழுகுழல் வாசிப்பதில் ஒப்பற்றவரான டான் டிரம்மண்ட் மனநோயுற்றிருந்தார். 1965ஆம் ஆண்டுப் பிறப்பன்று தம் காதலியைக் கொன்ற குற்றத்துக்கு ஆளாகி, 1969இல் மனநோய் மருத்துவமனையிலேயே இறந்தார்.

1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஜமைக்கா விடுதலை பெற்றது. டெரிக் மார்கன் போன்றோர் விடுதலையை வாழ்த்தி ஸ்கா பாடினர். அவ்வாண்டிலேதான் லெஸ்லி கோங் என்னும் சீன வணிகர், பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பாப் மார்லி என்னும் பதினேழு வயது இளைஞனின் முதல் பாட்டைப் பதிவு செய்தார். கோங்கின் குடும்பம் சிறுகடை நடத்தியது. பாட்டு ஒன்றை இயற்றிக்கொண்டு வந்த ஜிம்மி கிளிஃப் என்னும் சிறுவனே அவரை இத்தொழிலுக்கு இழுத்தவன். தோட்டத்து வாயிலில் சீனர் கடையைக் கண்டு வளர்ந்த நம்மவர்க்கு இக்காட்சி புதிதன்று. 1964இல் மில்லி ஸ்மால் என்னும் இளம்பெண் பாடிய ‘மை பாய் லாலிபாப்’ பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தை எட்டிற்று.

இவ்வளவு நடந்தும் உள்நாட்டுக் கனவான்கள் ஸ்காவைச் சேரிப் பாட்டு என்றே கருதினர். வானொலி நிலையங்களும் தயங்கித் தயங்கியே ஒலிபரப்பின. 1964இல் நியூயார்க்கில் உலகக் கண்காட்சி நடைபெற்றபோது அரசு தன் நாட்டு இசையைக் காட்ட ஒரு குழுவை அனுப்பியது. பின்னணி வாசிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டது ஸ்காட்டலைட்ஸ் அன்று. உயர்தர விடுதிகளில் வாசித்துப் பழகிய பைரன் லீயின் குழுவே. ஓர் இசையை ஏற்றுக்கொள்ளும்போதும் அதனைப் படைத்தவர்களை வாசலில் நிறுத்திவிடுவது எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

1966இல் ஓட்டம் தணிந்தது. அவ்வாண்டின் கோடை மிகக் கடுமையாக இருந்தமையால் ஆடுவோர் களைத்தனர் என்று ஒரு கதை உண்டு. கதை சுவையானதே. ஆயினும், ஊதுகுழற் குழுவுக்குக் கொடுக்கும் கூலி மிகுதி என்பதும், மின்விசைப் பெருநரம்புக் கருவி புழக்கத்துக்கு வந்தது என்பதும் இன்னும் உறுதியான காரணங்கள். தாளம் மெதுவாயிற்று, குழல்கள் பின்வாங்கின, பெருநரம்பு முன்வந்து தானே ஒரு பாட்டைப் பாடிற்று. மூவர் நால்வராகச் சேர்ந்து பாடும் மென்குரல் எழுந்தது. ஆல்ட்டன் எல்லிஸ் பாடிய பாட்டொன்றின் பெயரே ராக்ஸ்டெடி என இவ்வகைக்கு நிலைத்தது. டிரினிடாட் தீவிலிருந்து வந்த லின் டெய்ட் என்னும் கித்தார்க் கலைஞர் இந்நடையை உருவாக்கியோருள் தலையானவர். விடுதலை தந்த நம்பிக்கை மெல்லத் தளர்ந்த காலம் அது. வேலையற்ற இளைஞர், அடிதடி, வழக்குமன்றம் ஆகியன பாட்டுக்குள் புகுந்தன. அவற்றினிடையே காதற்பாட்டும் மலர்ந்தது. 1968இல் இதிலிருந்து ‘ரெகே’ கிளைத்தது. ராக்ஸ்டெடி வாழ்ந்தது இரண்டே ஆண்டு. அவ்விரண்டு ஆண்டுகளில் பதிவான இசையடித்தளங்களைப் பிற்காலத்தார் மீண்டும் மீண்டும் எடுத்துப் பயன்படுத்தினர்.

இனி இலங்கைக்கு வருவோம். இவ்விரு தீவுகளுக்கும் இடையே ஒரு பாலமும் உண்டு. நியூயார்க்கில் பிறந்து, இளமையில் சில ஆண்டுகள் தாயின் நாடான ஜமைக்காவில் வளர்ந்த ஹாரி பெலஃபான்டே 1956இல் ‘கலிப்சோ’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். வாழைத்தார்களை இரவெல்லாம் கப்பலில் ஏற்றும் ஜமைக்காத் தொழிலாளரின் வேலைப்பாட்டு அதில் புகழ்பெற்றது. அத்தட்டு கொழும்புக்கும் வந்தது. 1960களில் நெவில் பெர்னாண்டோவின் ‘லாஸ் கபலேரோஸ்’, நோயல் ரணசிங்கவின் ‘லா சிலோனியன்ஸ்’ முதலிய குழுக்கள் கித்தாரேந்தி அதே பாணியில் சிங்களப் பாட்டுப் பாடின.

அந்த விதை விழுந்த நிலமும் முன்னரே உழுத நிலம். 1505இல் இலங்கை வந்த போர்த்துகீசியர் ஆடலைக் குறிக்கும் தம் மொழிச்சொல்லை அங்கே விட்டுச்சென்றனர், அதுவே பைலா. போர்த்துகீசியரும் பின்வந்த ஐரோப்பியரும் கொண்டுவந்த ஆப்பிரிக்கர், காப்பிரியர் எனப்பட்டனர். புத்தளம் வட்டாரத்தில் அவர்தம் வழியினர் இன்றும் வாழ்கின்றனர். மட்டக்களப்பில் தமிழரோடு கலந்து வாழும் பறங்கியர் திருமணங்களில் ‘கப்பிரிஞ்ஞா’ ஆடல் நிகழும். மலாக்காவின் போர்த்துகீசியர் குடியிருப்பில் ஆடப்பெறும் ‘பிராஞ்ஞோ’ அதற்கு உறவு. நம் நாட்டு ஜோகெட்டும் அவ்வுறவினின்று விலகியதன்று. பைலாவின் தாளம் ஆறெண்ணிக்கை கொண்டது. கும்மியின் திஸ்ர நடையில் பழகிய தமிழ்க் காதுக்கு அது அயலாகத் தோன்றாததில் வியப்பில்லை. 1940களில் வாலி பாஸ்டியன்ஸ் என்பவர் சிங்களப் பைலாவுக்கு ஒரு வடிவம் தந்தார். அவரும் காவலராகப் பணியாற்றியவரே. இரு தீவுகளிலும் காவல்துறை ஆடற்பாட்டுக்கு ஆள் தந்திருக்கிறது!

1960களின் இறுதியில் யாழ்ப்பாணத்து இளைஞரான நித்தி கனகரத்தினம் இந்தத் தாளத்தில் தமிழ்ப் பாட்டுகளை இயற்றிப் பாடினார். ‘சின்ன மாமியே’ என்னும் பாட்டு அவரை ஊரறியச் செய்தது. மாமியும் மகளும், கள்ளுக்கடையும் அதன் கேடும் என வீட்டிலும் தெருவிலும் வழங்கும் பேச்சே அவருடைய பாட்டாயிற்று. தமிழில் பைலாவா என்று முகஞ்சுளித்தோரும் உண்டு. ஆனால் அப்பாட்டின் சொற்கள் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழின் நல்ல பதிவுகள் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. ஏ. ஈ. மனோகரன் மேடையை ஆளும் ஆற்றல் மிக்கவர். சுராங்கனி என்னும் பெண்ணுக்கு மீன் கொண்டுவந்திருப்பதாக ஒருவன் கூவும் சிங்களப் பைலாவைத் தமிழ் கலந்து பாடி அவர் கடல் கடந்து புகழ்பெற்றார். எம். பி. பரமேஷ் போன்றோரின் மெல்லிசை இசைத்தட்டாகவும் வெளிவந்தது. இலங்கை வானொலி இப்பாட்டுகளைத் தமிழகத்துக்கும் எட்டச் செய்தது.

இந்த இயக்கம் தழைத்த காலத்தைக் கவனிக்க வேண்டும். 1970 முதல் 1977 வரை இலங்கையை ஆண்ட அரசு இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. தமிழகத்து வார மாத இதழ்களும் அக்கட்டுப்பாட்டுக்குத் தப்பவில்லை. உள்ளூர் எழுத்தும் நாடகமும் திரைப்படமும் பாட்டும் அவ்வாண்டுகளில் தலைநிமிர்ந்தன. ஜமைக்காவில் அமெரிக்க இசைத்தட்டு அரிதானபோது நேர்ந்ததோடு இதனை ஒப்பிடலாம். ஒப்புமையை அளவுக்கு மீறி நீட்டவும் கூடாது. இலங்கையில் ஊற்று முழுதும் வற்றவில்லை. சென்னைத் திரைப்பாடல் வானொலியில் நாள்தோறும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. அதன் இனிமைக்கு முன் ஒரு சில இளைஞரின் கித்தார் எவ்வளவு தாக்குப்பிடிக்கும்? வானொலியோ அரசின் கையில் இருந்தது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு, மலையகம் எனச் சிதறிய தமிழ்க் கேட்போர் தொகை தனியானதோர் இசைத்தட்டுத் தொழிலைத் தாங்கும் அளவினதன்று. டியூக் ரீடைப் போலத் தம் மதுக்கடையின் மேல்மாடியிலேயே பதிவுக்கூடம் கட்டும் தமிழ் வணிகர் அங்கே தோன்றவில்லை. 1977க்குப் பின் சந்தை திறந்தது. 1983ஆம் ஆண்டின் ஆடிக் கலவரத்துக்குப் பின்னர் பாடியோரும் கேட்டோருமே நாடு நாடாகப் பிரிந்து போயினர்.

மலேசியத் தமிழரின் நிலை இதனினும் கடினம். நம் தோட்டங்களில் தப்பு இருந்தது, உறுமி இருந்தது, பால்மரத்தையும் கங்காணியையும் பாடிய பெண்களின் பாட்டு இருந்தது. சென்னையிலிருந்து வந்த திரைப்பாடல் தட்டும் வானொலியும் ஆடலுக்கும் பாடலுக்கும் வேண்டியதை நிறைவாகத் தந்துவிட்டமையால், தோட்டத்துப் பாட்டைத் தட்டில் ஏற்ற வேண்டிய தேவை எந்த வணிகருக்கும் எழவில்லை. திறமை படைத்தோர் பிற வாயில்களைத் தேடினர். பினாங்கின் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் ‘அலிகேட்ஸ்’ குழுவை அமைத்து மலாய்ப் பாட்டில் நாடு போற்றும் இடம் பெற்றனர். கோலசிலாங்கூரில் பிறந்து நாடக மேடைகளில் பாடிய வாசுதேவன் சென்னை சென்று மலேசியா வாசுதேவன் ஆனார். 1977இல் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்காக இளையராஜாவின் இசையமைப்பில் ‘சுராங்கனி’ பாட்டைப் பாடியவர் அவரே. காப்பிரியரின் தாளம் கொழும்பில் பைலாவாகி, மனோகரன் வாயில் பாதித் தமிழாகி, சென்னையில் திரைப்பாடலாகி, மலேசியாவில் பிறந்த ஒருவரின் குரலில் நம் தோட்டத்துக் கல்யாண வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. உள்ளூர்க் குரல்தான், சென்னையைச் சுற்றி வந்தது.

நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். மனோகரன் சென்னையில் தங்கி, தமிழ்ப் படங்களில் சிறு வேடங்களில் நடித்து, 2018ஆம் ஆண்டு ஜனவரியில் காலமானார். அதே 2018 நவம்பரில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு ஜமைக்காவின் ரெகே இசையை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு காலத்தில் அதன் முன்னோடியைச் சேரிப் பாட்டு என்று ஒதுக்கிய நாட்டின் அரசே அதற்கான விண்ணப்பத்தை அனுப்பியிருந்தது.